மறுசுழற்சி லைனில் கோளாறா? அறிகுறியிலிருந்து காரணத்துக்குப் போகும் வழி

பழைய பிளாஸ்டிக்கைப் பிரித்து, அரைத்து, கழுவி, உருக்கிக் குருணையாக்கும் ஆலையில் கோளாறு எப்போதும் கடைசிக் கட்டத்தில்தான் கண்ணில் படும். குருணையில் ஓட்டை, நிறத்தில் மஞ்சள், வார்த்த வாளியில் விரிசல். உடனே எல்லோரும் பிளாஸ்டிக்கை உருக்கித் தள்ளும் எக்ஸ்ட்ரூடரைச் சுற்றி நிற்போம். வெப்பத்தைக் கொஞ்சம் கூட்டிப் பார்ப்போம், குறைத்துப் பார்ப்போம். ஆனால் காரணம் பெரும்பாலும் நாலு கட்டம் முன்னாலேயே இருக்கும்: கழுவும் தொட்டியில், பிரிக்கும் பெல்ட்டில், வந்து இறங்கிய பேலில் (அமுக்கிக் கட்டிய பழைய பிளாஸ்டிக் மூட்டையில்).

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இந்தத் தொழிலில் அநேகமாக எல்லாக் கோளாறுக்கும் இரண்டு விதத் தீர்வு உண்டு. ஒன்று, காரணத்தை நீக்குவது. மற்றது, கோளாறைக் கண்ணுக்குத் தெரியாமல் செய்து வேறு யார் தலையிலாவது கட்டுவது. நாற்றத்துக்கு வாசனை சேர்ப்பது, மஞ்சளுக்குக் கறுப்பு மாஸ்டர்பேட்ச் (செறிவாகச் சாயம் ஏற்றிய குருணை) போடுவது, அடைத்த மெஷ்ஷை (உருகிய பிளாஸ்டிக்கை வடிகட்டும் கம்பி வலையை) வெளியில் குவித்துக் கொளுத்துவது எல்லாம் இந்த வகை. அன்றைக்கு அது மலிவாகத் தெரியும். கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் முதல் வழியை எழுதியிருக்கிறேன். இரண்டாவது வழி எங்கெல்லாம் பதுங்கியிருக்கிறது என்பதையும் சொல்கிறேன்.

தேடத் தொடங்குமுன் இரண்டு பழக்கம் வேண்டும். ஒவ்வொரு லாட்டிலும் கொஞ்சம் சில்லும் (அரைத்த துண்டும்) கொஞ்சம் குருணையும் எடுத்து, தேதி, பேல் எண், ஷிஃப்ட் எழுதிப் பையில் கட்டி வையுங்கள். அப்புறம், ஒரே நேரத்தில் இரண்டு அமைப்புகளை மாற்றாதீர்கள். மாற்றினால் கோளாறு போனாலும் எதனால் போனது என்று தெரியாது. அடுத்த வாரம் திரும்பி வரும்போது மறுபடி முதலிலிருந்து தேட வேண்டியிருக்கும்.

குருணையில் ஓட்டை, குமிழி

ஒரு குருணையைப் பிளேடால் குறுக்கே வெட்டி லென்ஸில் பாருங்கள். நடுவில் ஒரே ஒரு பள்ளம், சுவர் வழவழப்பு என்றால் பெரும்பாலும் அது வாயு அல்ல. வெளிப்புறம் சட்டென்று குளிர்ந்து இறுகிவிட, உள்ளே இருப்பது பிறகு சுருங்கும்போது விழும் வெற்றிடம் அது. குளிர்நீரின் வெப்பத்தைக் கொஞ்சம் உயர்த்திப் பாருங்கள், அநேகமாகச் சரியாகிவிடும். பஞ்சுபோலச் சிறு சிறு ஓட்டைகள் நிறைய இருந்தால் வாயுதான்.

என்ன வாயு? அதே லாட்டின் சில்லில் கொஞ்சம் எடுத்து அடுப்பில் இரவு முழுக்க உலர்த்தி, மறுநாள் தனியாக ஓட்டுங்கள். குமிழி போய்விட்டால் ஈரம். போகவில்லை என்றால் மை, பசை, அல்லது சிதைந்துகொண்டிருக்கும் பாலிமர். அச்சடித்த பிலிமில் மை வெப்பத்தில் உடைந்து வாயு விடும். இதை உலர்த்தி நீக்க முடியாது, எக்ஸ்ட்ரூடரிலிருந்து வாயுவை வெளியேற்றும் வாயான வென்ட்தான் இழுக்க வேண்டும். வாக்குவம் பம்பின் அழுத்தமானியை மட்டும் நம்ப வேண்டாம். வென்ட் வாயில் பிசின் படிந்து அடைத்திருந்தால் மானி நல்ல எண்ணையே காட்டும், எக்ஸ்ட்ரூடரின் உருளையான பேரலுக்குள் மட்டும் இழுவை இருக்காது. மூடியைத் திறந்து கண்ணால் பார்ப்பது ஒன்றே வழி.

எல்டி (பைகள் செய்யும் மென்மையான பாலிஎத்திலீன்) பிலிம் சில்லு மடிப்புக்குள் தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். சென்ட்ரிஃபியூஜில் சுழற்றினாலும் முழுதாக விடாது. ஸ்க்வீஸர் வைத்துப் பிழிந்துவிட்டு, அதன் பிறகு உருக்குவதுதான் நிலையான தீர்வு. எக்ஸ்ட்ரூடரின் முதல் மண்டல வெப்பத்தைக் கூட்டி ஈரத்தை ஓட்ட நினைப்பது வேண்டாம்; மின்சாரமும் வீண், பாலிமரும் கருகும்.

தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் (PET) விஷயம் இதைவிடக் கடுமை. பெட்டுக்குள் இருக்கும் ஈரம் குமிழி விடுவதோடு நிற்காது, உருகிய நிலையில் பாலிமர் சங்கிலியையே வெட்டும். சங்கிலி எவ்வளவு நீளம் என்பதற்கு அளவுகோல் ஐவி (உள்ளார்ந்த பாகுநிலை). பாட்டில் தரத்துக்கு டெசிலிட்டர்/கிராம் கணக்கில் 0.72 முதல் 0.84 வரை வேண்டும். உருக்குமுன் ஈரம் பத்து லட்சத்தில் 50 பங்குக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது இதனால்தான். டெசிகன்ட் (ஈரம் உறிஞ்சும் பொருள்) உலர்த்தியில் 160 முதல் 170 டிகிரி செல்சியஸ் வரை, 4 முதல் 6 மணி நேரம், உள்ளே போகும் காற்றின் பனிநிலை (காற்றிலுள்ள ஈரம் பனியாகப் படியத் தொடங்கும் வெப்பம்) மைனஸ் 40 டிகிரி. இந்த மூன்றில் ஆலைகளில் அதிகம் கோட்டைவிடுவது மூன்றாவதைத்தான். ஹாப்பர் சூடாக இருக்கிறது, நேரமும் ஆகிவிட்டது. ஆனால் டெசிகன்ட் பழசாகிக் காற்றே ஈரமாகப் போய்க்கொண்டிருக்கும். பனிநிலை மானி இல்லாவிட்டால் முதலில் அதை வாங்குங்கள். ஐவி விழுந்த பெட்டைப் பாட்டிலுக்கு விற்காமல் நாருக்கோ ஷீட்டுக்கோ உண்மையான எண்ணைச் சொல்லி விற்கலாம். அதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை.

பெட் மஞ்சளாகிறது, கரும்புள்ளி விழுகிறது

முதல் சந்தேகம் பிவிசி. பெட் உருகும் 250, 260 டிகிரியில் பிவிசி தாங்காது. ஹைட்ரஜன் குளோரைடு வாயுவை விட்டுக் கருகும். அந்த அமிலம் பெட்டின் சங்கிலியையும் வெட்டும், வென்ட்டைச் சுற்றியுள்ள இரும்பையும் அரிக்கும். வென்ட் குழாயில் திடீரென்று துரு ஏறினால் சில்லைச் சோதிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. பத்து லட்சத்தில் 100 பங்கு பிவிசியே நல்ல பெட்டைக் கெடுக்கப் போதும். ஒரு டன் சில்லில் 100 கிராம். ஓரிரு கைப்பிடிதான்.

மிதப்பதையும் மூழ்குவதையும் வைத்துப் பிரிக்கும் தண்ணீர்த் தொட்டி இங்கே உதவாது. பெட்டின் அடர்த்தி சுமார் 1.38, பிவிசி லேபிளும் அதை ஒட்டியே. இரண்டும் ஒன்றாக மூழ்கும். எனவே சில்லைச் சோதிக்க அடுப்புதான். அகலமான தட்டில் சில்லை ஒற்றை அடுக்காகப் பரப்புங்கள். 220 டிகிரியில் ஒரு மணி நேரம் வையுங்கள். வெளியே எடுக்கும்போது பெட் சில்லுகள் பால்வெள்ளையாக, சற்றுச் சுருண்டு இருக்கும். அவற்றுக்கு நடுவே காப்பிப் பொடி நிறத்திலோ முழுக் கறுப்பாகவோ உப்பிக் கிடப்பவை பிவிசி. இடுக்கியால் பொறுக்கி எடையுங்கள். பசை ஒட்டிய சில்லும் பழுப்பாகும், ஆனால் அதில் நிறம் ஒரு பக்கம் மட்டும் திட்டாக இருக்கும். பிவிசி முழுவதுமாகக் கருகும். சந்தேகம் வந்த துண்டுக்குச் செம்புக் கம்பிச் சோதனை உண்டு. கம்பியைச் சுடரில் நிறம் வராதவரை காய்ச்சி, சூட்டோடு துண்டில் தொட்டு மறுபடி சுடரில் காட்டினால் பச்சையாக எரியும். கடுகளவு துண்டு போதும், புகைபோக்கிக்கு அடியில் மட்டுமே செய்ய வேண்டும். அந்தப் புகை நச்சு.

பிவிசி எங்கிருந்து வருகிறது என்று பேலைப் பிரித்துப் பாருங்கள். சுருக்கு லேபிள், பிளிஸ்டர் அட்டை, மூடியின் உள்வளையம் இவைதான் வழக்கமான வாசல்கள். லேபிளை அரைப்பதற்கு முன்னாலேயே கழற்றும் இயந்திரம் இருந்தால் வேலை பாதி குறையும். அரைத்த பிறகு பிரிப்பது எப்போதுமே கஷ்டம்.

பிவிசி இல்லாமலும் மஞ்சள் வரும். காஸ்டிக் சோடாவில் கழுவிய பின் சரியாக அலசாவிட்டால் மிஞ்சிய காரம் உலர்த்தியில் பெட்டைத் தாக்கும். சில்லைக் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து அந்த நீரின் பிஎச் பாருங்கள். 7ஐ ஒட்டி இருந்தால் சரி. 9, 10 என்றால் அலசும் கட்டத்தில் புது நீர் போதவில்லை.

மஞ்சளை மறைக்க நீலச் சாயத்துளி சேர்ப்பது ஊரறிந்த வித்தை. நிறமானியில் எண் சரியாகிவிடும், ஐவி சரியாகாது. வாங்குபவரிடம் சொல்லிச் செய்தால் அது நிறத் திருத்தம். சொல்லாமல் செய்தால் ஏமாற்று.

உலர்த்திக்குள் கட்டி கட்டுகிறது

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பெட்டின் தோழனாக வேடமிட்டு வரும் இரண்டு பேர்: பெட்ஜி என்ற கிளைகால் சேர்த்த வகையும், பிஎல்ஏ என்ற மக்கும் வகையும். இரண்டும் தண்ணீரில் மூழ்கும், இரண்டும் பெட் உலரும் வெப்பத்துக்கு வெகு முன்பே இளகி ஒட்டும். கட்டியை உடைத்து நடுத் துண்டை ஆய்வுக்கு அனுப்புங்கள். படிகமாகாத பெட்டும் இதே மாதிரி ஒட்டும் என்பதால், உலர்த்திக்கு முன் கிளறிக்கொண்டே படிகமாக்கும் கட்டம் ஒழுங்காக ஓடுகிறதா என்றும் பார்க்க வேண்டும். மக்கும் பிளாஸ்டிக் நல்லதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. மக்க வைக்கும் ஆலைக்குப் போனால் நல்லது. பெட் பேலுக்குள் வந்தால் அது வெறும் அழுக்கு.

மெஷ் சீக்கிரம் அடைக்கிறது, உருகு அழுத்தம் ஏறுகிறது

அழுத்தம் எப்படி ஏறுகிறது என்பதே பாதி பதில். மணிக்கணக்கில் மெதுவாக ஏறினால் வழக்கமான அழுக்கு. மெஷ் மாற்றிய சில நிமிடத்திலேயே சரசரவென்று ஏறினால் ஏதோ ஒன்று கூட்டமாக வருகிறது. எடுத்த மெஷ்ஷைச் சூடாறவிட்டுப் படிந்த அடுக்கைப் பெயர்த்துப் பாருங்கள். நார்நாராகப் பழுப்பாக இருந்தால் காகித லேபிள். மினுக்கினால் அலுமினியம். மணல் நறநறத்தால் கழுவல் போதவில்லை. பளபளப்பான, உருகாத மணிகள் இருந்தால் உயர் வெப்பத்தில் உருகும் வேறு பிளாஸ்டிக். எல்டி பிலிம் லைனில் இது அநேகமாக நைலான். எல்டி 110 டிகிரியை ஒட்டி உருகிவிடும், நைலான் 6க்கு 220 வேண்டும். பல அடுக்கு உறைகள் உள்ளே வந்திருக்கின்றன என்று அர்த்தம்.

காகிதம்தான் காரணம் என்றால் மெஷ்ஷை இன்னும் நெருக்கமானதாக மாற்றுவது தீர்வாகாது. தண்ணீரில் கூழான காகிதம் உராய்வு வாஷரில் போக வேண்டும். வாஷரின் சல்லடை ஓட்டைகள் அடைத்திருந்தால் கூழ் சில்லோடு சேர்ந்தே பயணிக்கும்.

இப்போது அடைத்த மெஷ்களின் கதி. பல இடங்களில் அவற்றைக் கொல்லைப்புறத்தில் போட்டு எரிக்கிறார்கள். கம்பி வலை மறுபடி பயன்படும் என்பது காரணம். அதில் எரிவது எந்தக் கலவை என்று எரிப்பவருக்கே தெரியாது. பிவிசித் துணுக்கு இருந்தால் டயாக்சின் என்ற கொடிய நச்சு உண்டாகும், அதை முதலில் சுவாசிப்பவர் எரிக்க நிற்கும் தொழிலாளி. வலையை மூடிய வெப்ப அடுப்பில், வெளிவாயுவை இரண்டாம் எரிகலனில் முழுதாக எரித்துச் சுத்தம் செய்யும் வசதி இருக்கிறது. இல்லாவிட்டால் உரிய கழிவு வாங்குபவரிடம் கொடுத்து ரசீது வாங்குங்கள். பெரிய லைனுக்கு, தானாகச் சுரண்டிச் சுத்தமாகும் லேசர் ஃபில்டர் போட்டால் மெஷ் என்ற செலவே ஏறக்குறைய போய்விடும்.

வார்த்த பொருள் பட்டென்று உடைகிறது, அடுக்காக உரிகிறது

உடைந்த இடத்தை நகத்தால் கீறுங்கள். வெங்காயத் தோல்போல அடுக்கு உரிந்து வந்தால், ஒன்றோடொன்று கலக்காத இரண்டு பாலிமர் உள்ளே இருக்கிறது. ஹெச்டியும் (கெட்டியான பாலிஎத்திலீன்) பிபியும் (பாலிபுரொப்பிலீன்) வழக்கமான ஜோடி. இரண்டும் நீரில் மிதக்கும் என்பதால் தொட்டியில் பிரியாது, கைக்கும் கண்ணுக்கும் ஒரே மாதிரி இருக்கும். பாட்டில் ஹெச்டி, மூடி பிபி என்றால் பேலிலேயே இந்தக் கலப்பு தொடங்கிவிடுகிறது.

ஆய்வகத்தில் எளிதாகப் பார்க்கலாம். ஸ்பிரிட்டும் தண்ணீரும் கலந்து, ஹைட்ரோமீட்டர் 0.93 காட்டும் வரை சரிசெய்யுங்கள். ஹெச்டி சில்லு மூழ்கும். பிபி மிதக்கும், அதன் அடர்த்தி 0.90தான். சில்லில் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் பொய் சொல்லும், எனவே நன்றாகக் கலக்கிவிட்டுச் சற்று நேரம் விடுங்கள். உருகும் வெப்பத்தை வரைபடமாகக் காட்டும் டிஎஸ்சி கருவி இருந்தால் இன்னும் தெளிவு: ஹெச்டிக்கு 130 டிகிரியை ஒட்டி ஒரு மேடு, பிபிக்கு 160க்கு மேல் ஒரு மேடு. பிரிப்பதற்கு அண்மை அகச்சிவப்பு ஒளியால் வகை அறியும் கருவிகள் நன்றாக வேலை செய்யும். கறுப்புப் பொருளில் மட்டும் அவை திணறும். அதிலுள்ள கார்பன் துகள் ஒளியை விழுங்கிவிடுகிறது.

இங்கே ஒரு மயக்கம் நிறையப் பேருக்கு இருக்கிறது. பொருளின் அடியில் அம்பு முக்கோணத்துக்குள் 2 என்று இருந்தால் ஹெச்டி, எல்லாவற்றையும் சேர்த்து அரைக்கலாம் என்று நினைக்கிறார்கள். 1988இல் அமெரிக்க பிளாஸ்டிக் தொழில் சங்கம் கொண்டுவந்த அந்த எண், பிசினின் வகையை மட்டும் சொல்கிறது. மறுசுழற்சி ஆகும் என்ற உத்தரவாதம் அதில் இல்லை. அந்தக் குழப்பத்தால்தான் 2013இல் தர அமைப்பு அம்புகளை எடுத்துவிட்டு வெறும் முக்கோணமாக மாற்றியது. ஊதி வார்த்த பால் கேனும் ஊசி வார்ப்பில் செய்த வாளியும் இரண்டுமே 2தான். ஆனால் கேனின் எம்எஃப்ஐ (உருகு எவ்வளவு எளிதாக ஓடும் என்ற எண்) ஒன்றுக்கும் கீழே, வாளியினுடையது அதைப்போலப் பல மடங்கு. இரண்டையும் கலந்தால் கேனும் சரியாக ஊதாது, வாளியும் சரியாக நிரம்பாது. பேல் வாங்கும்போதே ஊதியதையும் வார்த்ததையும் பிரித்து வாங்குவது, எந்த ரசாயனத்தைவிடவும் மலிவு.

அடுக்கு உரியவில்லை, ஆனாலும் உடைகிறது என்றால் பாலிமர் வயதாகிவிட்டது. எம்எஃப்ஐ அளந்து, சில்லுக்கும் குருணைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். பிபி வெப்பத்தில் சங்கிலி அறுந்து நீர்த்துப்போகும், எண் ஏறும். ஹெச்டியில் பல வகைகளுக்கு இது தலைகீழ். சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு எண் இறங்கும், கூழ்மணிகள் (உருகாத சிறு ஜெல் உருண்டைகள்) வரும். சில்லும் குருணையும் ஏறக்குறைய ஒரே எண் என்றால் கெட்டது உங்கள் எக்ஸ்ட்ரூடரில் அல்ல, வெயிலில் கிடந்த பொருளாகவே வந்திருக்கிறது. குருணையில் மட்டும் மாறினால் உருகு வெப்பம், ஸ்க்ரூ வேகம், பொருள் பேரலில் தங்கும் நேரம் மூன்றையும் பாருங்கள். சங்கிலி கெடாமல் காக்கும் ஆன்டிஆக்ஸிடன்டைக் குருணையான பிறகு சேர்ப்பதில் பயனில்லை, முதல் உருக்கத்துக்கு முன்பே சில்லோடு கலக்க வேண்டும். பினாலிக், பாஸ்பைட் இரண்டும் சேர்ந்த கலவைக்குச் சதவீதத்தின் சிறு பின்னமே போதும்.

நாற்றம் போகவில்லை

கழுவியாயிற்று, வெந்நீரில் மறுபடி கழுவியாயிற்று, குருணை இன்னும் நாறுகிறது. இது பாலிஎத்திலீன், பிபி ஆலைகளின் நிரந்தரத் தலைவலி. வாடை மேற்பரப்பில் இல்லை என்பதே காரணம். ஷாம்பூ, சலவைத்தூள் வாசனைகளும் எலுமிச்சைத் தோலின் லிமோனீனும் கொழுப்பு அமிலங்களும் பாலிமருக்குள்ளேயே ஊறிவிடுகின்றன. தண்ணீர் மேலே உள்ளதைத்தான் கழுவும். உள்ளே ஊறியதை வெளியே வரவைக்க வெப்பமும் நேரமும் வேண்டும்.

முதலில் என்ன வாடை என்று பிரியுங்கள். குருணையைக் கண்ணாடி ஜாடியில் பாதி போட்டு இறுக மூடி, 80 டிகிரியில் 2 மணி நேரம் வைத்து, சற்று ஆறவிட்டு, ஒருவர் மட்டுமல்லாமல் மூன்று நாலு பேர் முகர்ந்து பார்க்க வேண்டும். கார் உதிரிபாகத் தொழிலில் இருக்கும் வாடைச் சோதனையின் ஒரு முறை இதுதான். சிக்குப் பிடித்த எண்ணெய் வாடை என்றால் காஸ்டிக் கழுவல் போதவில்லை. பூசணம் பிடித்த ஈர வாடை என்றால் பேல் மழையில் நனைந்து கிடந்திருக்கிறது, அல்லது கழுவும் நீரை மாற்றாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறீர்கள். புளித்த வினிகர் வாடை ஈவிஏ (வினைல் அசிட்டேட் சேர்ந்த எத்திலீன்) பிலிமைக் காட்டும். மூக்கைக் குத்தும் அமில நெடி என்றால் பிவிசி. மேலே சொன்ன சோதனைக்குப் போங்கள். இனிப்பான சோப்பு வாடை மட்டும் தங்கினால் அது உள்ளே ஊறியது.

ஊறிய வாடைக்கு வழி, எக்ஸ்ட்ரூடரில் இரட்டை வென்ட், அதற்குப் பின் குருணையைச் சைலோவில் போட்டு அதன் உருகுநிலைக்குக் கீழே சூடான காற்றைப் பல மணி நேரம் செலுத்துவது. பணமும் நேரமும் ஆகும். வெளிவரும் காற்றைக் கார்பன் வடிகட்டியில் விடாவிட்டால் ஆலைக்குள் இருந்த வாடை பக்கத்து வீடுகளுக்குப் போகிறது, அவ்வளவுதான்.

வாசனை மாஸ்டர்பேட்ச் போடுவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். வாடை ஒரு தகவல். குருணை எங்கிருந்து வந்தது, எதற்கு ஆகாது என்பதை அது சொல்கிறது. சலவைத்தூள் கேனில் இருந்து வந்த குருணை மல்லிகை மணத்தோடு ஒரு குழந்தையின் விளையாட்டுப் பொருளாகப் போகக் கூடாது. உணவு தொடும் பொருளுக்கு என்றால் மூக்கின் தீர்ப்பு செல்லாது; எந்தக் கழிவு வந்தது, எந்த முறையில் சுத்தமானது என்று ஒழுங்குமுறை அமைப்பின் அனுமதி தேவை. அது இல்லாத குருணையை அந்தப் பக்கமே விற்காதீர்கள்.

கறுப்பு மின்சாதனப் பிளாஸ்டிக் விலை குறைவாகக் கிடைக்கிறது

இது கோளாறு என்று யாரும் நினைப்பதில்லை, அதனால்தான் தனியாக எழுதுகிறேன். பழைய டிவி, கணினி உறைகளில் தீத்தடுப்பானாகப் புரோமின் சேர்மங்கள் உண்டு. அவற்றில் ஒன்றான டெகாபிடிஇ 2017இல், நீடித்து நிற்கும் நச்சுகளைக் கட்டுப்படுத்தும் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில் சேர்ந்தது. அந்த உறையை அரைத்துக் கறுப்பு குருணையாக விற்றால் அது கரண்டியாகவோ பொம்மையாகவோ வீட்டுக்குள் திரும்பும். எக்ஸ்கதிரால் தனிமங்களை அறியும் கையடக்க எக்ஸ்ஆர்எஃப் கருவியைச் சில நொடி வைத்தால் புரோமின் எண் தெரிந்துவிடும். கருவி இல்லாத ஆலை இந்தச் சரக்கை வாங்கவே கூடாது. உப்புநீரில் அடர்த்தி பார்த்துக் கனமான சில்லை ஒதுக்கலாம், ஆனால் அது முதல் சல்லடை மட்டுமே. ஒதுக்கியதை மறுபடி விற்கும் ஆசை வரும். அது ஆபத்தான கழிவு, அதற்குரிய இடத்துக்குத்தான் போக வேண்டும்.

கழுவுநீர் நுரைக்கிறது, வடிகாலில் துகள் தெரிகிறது

நுரை என்றால் பாட்டில்களில் மிஞ்சிய சோப்பு, காரம், உருகிய பசை மூன்றும் சேர்ந்திருக்கின்றன. நுரைகொல்லியை ஊற்றினால் நுரை அடங்கும், அழுக்கு அப்படியே இருக்கும். பாட்டிலை அரைக்குமுன் உலர்நிலையில் உலுக்கி, மிஞ்சிய திரவத்தை வடித்துத் தனியே எடுத்தாலே சுத்திகரிப்பு நிலையத்தின் பாரம் வெகுவாகக் குறையும். பெட் லைனில் பசை நீக்க 80, 85 டிகிரியில் ஓரிரு சதவீதக் காஸ்டிக் போதும். பசை போகவில்லை என்று காரத்தை ஏற்றிக்கொண்டே போகாமல், வெப்பம் உண்மையில் அந்த அளவு இருக்கிறதா என்று தொட்டிக்குள் வெப்பமானியை விட்டுப் பாருங்கள்.

துகள் வேறு பிரச்சினை. கிரைண்டர் பிளேடு மழுங்கினால் வெட்டாமல் கிழிக்கும், தூள் அதிகமாகும். உராய்வு வாஷர் அதில் இன்னும் சேர்க்கும். கண்ணுக்குத் தெரியும் தூள் சல்லடையில் நிற்கும், தெரியாதது தண்ணீரோடு போகும். கழுவுநீரை ஒரு கண்ணாடிக் குடுவையில் பிடித்து ஒரு நாள் அசையாமல் வையுங்கள். மேலே மிதக்கும் வெள்ளைப் படலமும் அடியில் படியும் சேறும் இரண்டுமே பிளாஸ்டிக் கொண்டவை. வழி இந்த வரிசையில்: பிளேடைத் தீட்டுங்கள், தூளைக் கழுவுமுன் காற்றால் ஊதிப் பிரியுங்கள், வெளியேறும் நீருக்கு நுண்சல்லடையும் காற்றுமிதப்புத் தொட்டியும் வையுங்கள். சேற்றை வயலில் உரமாகப் பரப்பக் கொடுக்காதீர்கள்.

குருணைச் சிந்தலை ஆலைகள் பெருக்கித் தள்ளும் குப்பையாகப் பார்க்கின்றன. 2021இல் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் எரிந்து மூழ்கியபோது சுமார் 1,680 டன் குருணை கடலில் கலந்தது. கரையில் மணலோடு மணலாகக் கிடந்ததை மனிதர்கள் மண்டியிட்டுச் சலித்தார்கள். ஒரு குருணை கடலில் என்ன செய்யும் என்பதற்கு அதைவிடப் பெரிய சான்று தேவையில்லை. ஆலையில் செய்ய வேண்டியதோ மிகச் சின்ன வேலை. பை நிரப்பும் இடத்துக்கு அடியில் தட்டு, லாரி நிற்கும் இடத்தில் வாக்குவம் கிளீனர், முற்றத்தின் ஒவ்வொரு மழைநீர் வடிகாலுக்கும் சல்லடை மூடி. மழை பெய்த மறுநாள் அந்த மூடியில் என்ன நிற்கிறது என்று பாருங்கள்; முற்றத்தில் எங்கே சிந்துகிறது என்று அதுவே காட்டிக்கொடுக்கும்.

மறுசுழற்சி சதவீதம் கணக்கில் இடிக்கிறது

வாடிக்கையாளருக்கு 30 சதவீதம் என்று சொல்லியிருக்கிறீர்கள், தணிக்கையில் 18தான் வருகிறது. பெரும்பாலும் யாரும் திருடவில்லை. சொந்த வார்ப்பில் விழுந்த கழிவை மறுபடி அரைத்துப் போட்டதையும் சேர்த்து எண்ணியிருப்பார்கள். பொருளின் சுற்றுச்சூழல் கூற்றுகளுக்கான உலகத் தரநிலை ஐஎஸ்ஓ 14021 இதில் தெளிவு. எந்தச் செயல்முறையில் கழிவு விழுந்ததோ அதே செயல்முறைக்குள் திரும்பப் போடும் அரைவை மறுசுழற்சிப் பொருளாக எண்ணப்படாது. 1,000 கிலோ வாளியில் 120 கிலோ சொந்த அரைவை, 180 கிலோ வெளியிலிருந்து வந்த பழைய பிளாஸ்டிக் என்றால் சரியான எண் 18.

ஆலையின் விளைச்சலையும் மாதாமாதம் பாருங்கள். உள்ளே வந்த பேலின் எடை, வெளியே போன குருணை, சேறு, மூடி, உலோகம், மெஷ் படிவு, ஈரம் எல்லாம் சேர்ந்து சமமாக வேண்டும். காரணமே இல்லாமல் விளைச்சல் ஏறினால் மகிழ வேண்டாம். ஈரமான குருணையை எடைபோடுகிறார்கள், அல்லது சுண்ணாம்புத்தூளோ புதுப் பிசினோ சத்தமில்லாமல் சேர்கிறது.

அதே கோளாறு மாதாமாதம் திரும்புகிறது

இதுவரை சொன்ன எல்லாம் சரியாக ஓடியும் மஞ்சளும் கட்டியும் கூழ்மணியும் திரும்ப வந்தால், காரணம் உங்கள் மதிலுக்கு வெளியே, உறையை வடிவமைத்தவரின் மேசையில் இருக்கிறது. பாட்டிலை முழுதாகப் போர்த்தும் பிவிசி லேபிள், ஹெச்டி பம்புக்குள் எஃகுச் சுருள்வில், நீரில் கரையாத பசை, கார்பன் கறுப்புத் தட்டு, ஒரே உறையில் எல்டியும் நைலானும். இவற்றை நல்ல ஆலையாலும் மீட்க முடியாது.

அவர்களுக்கு எழுதுங்கள், ஆனால் புகார்க் கடிதமாக வேண்டாம். எந்தப் பொருளின் எந்தப் பாகம், ஒரு டன் பேலில் எத்தனை கிலோ, எந்தச் சோதனையில் தெரிந்தது என்று எழுதி, அடுப்பில் கருகிய தட்டின் படத்தையும் பொறுக்கிய துண்டுகளை ஒரு சிறு பையிலும் அனுப்புங்கள். கழற்றி எறிய எளிதான, தண்ணீரில் மிதக்கும் பாலியோலெஃபின் (பாலிஎத்திலீன், பிபி வகை) லேபிள் என்று மாற்றையும் கூடவே சொல்லுங்கள். முடிவெடுக்கும் பொறியாளர் கருகிய சில்லைக் கையில் வைத்துப் பார்த்திருக்கவே மாட்டார். பல சமயம் அந்தப் பைதான் பேச்சைத் தொடங்கிவைக்கும். பதில் வராவிட்டால் அடுத்த காலாண்டின் எண்களோடு மறுபடி அனுப்புங்கள், கழிவுப் பொறுப்பைக் கண்காணிக்கும் அரசு அமைப்புக்கும் ஒரு நகல் போகட்டும்.

லேபிள் மாறினால் மாறிய தேதியைப் பதிவேட்டில் குறித்துக்கொள்ளுங்கள். பழைய லேபிள் ஒட்டிய பாட்டில்கள் அதன் பிறகும் பல மாதம் பேலில் வந்துகொண்டிருக்கும். அதுவரை அடுப்புச் சோதனையை எந்த லாட்டுக்கும் விட்டுவிடாதீர்கள்.